டிஎன்டி போட்ட பிறகும் லோன் கால் வருகிறதா? நீண்ட நாள் பயன்படுத்தியவரின் கருத்து

டிஎன்டி (விளம்பரத் தொல்லையைத் தடுக்கும் 'டு நாட் டிஸ்டர்ப்' வசதி) பதிவு செய்து மாதக்கணக்காகியும் "சார், பர்சனல் லோன் வேணுமா" என்று கூப்பிடுகிறார்களே, இது வேலை செய்கிறதா இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்கிறது, ஆனால் பாதி வேலைதான். மீதிப் பாதியை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

பதிவு செய்வது சுலபம். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பர அழைப்பு, விளம்பரச் செய்தி எல்லா வகைக்கும் தடை விழும். வங்கி ஓடிபி நிற்காது, பயப்பட வேண்டாம். முறையாகப் பதிவு செய்த டெலிமார்க்கெட்டிங் நிறுவனங்கள் 140ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் விளம்பரத்துக்கு அழைக்க வேண்டும். அந்தக் கூட்டம் டிஎன்டி போட்டதும் பெருமளவு அடங்கிவிடுகிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லை சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வருகிறது. கடன் ஏஜென்ட், மனை விற்பவர், இன்ஷூரன்ஸ் முகவர் என்று யாருமே பதிவு செய்யாமல் சொந்த சிம்மிலிருந்து கூப்பிடுகிறார்கள். டிஎன்டி பட்டியலை அவர்கள் பார்ப்பதே இல்லை. நாம் பிளாக் செய்தால் அடுத்த நாள் வேறு சிம். பிளாக் செய்வதோடு நிறுத்திக்கொள்வதில்தான் எனக்குக் கோபமே. அந்த எண் அடுத்த வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். புகார் கொடுத்தால்தான் சிம்முக்கு ஆபத்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது: பத்து நாளுக்குள் ஐந்து பேர் புகார் செய்தாலே ஓர் எண்மேல் நடவடிக்கை எடுக்கலாம். முன்பு ஏழு நாளில் பத்து புகார் வேண்டும். முதல் தடவை 15 நாள் அவுட்கோயிங் நிறுத்தம், மீண்டும் செய்தால் இணைப்பே ஓராண்டுக்குத் துண்டிப்பு.

புகார் எஸ்எம்எஸ்ஸும் 1909க்குத்தான். அழைப்பு எதைப் பற்றியது, கமா, அழைத்த எண், கமா, தேதி (நாள்/மாதம்/ஆண்டு). அவ்வளவுதான். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும்; முன்பு மூன்று நாள்தான். இதில் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, இரட்டை சிம் போன். அழைப்பு எந்த சிம்முக்கு வந்ததோ அதிலிருந்தே புகார் போக வேண்டும். போன் தானாக மற்ற சிம்மில் அனுப்பிவிடும், பார்த்து மாற்றுங்கள். இரண்டு, எடுத்ததும் கட் செய்வது. என்ன விற்கிறார்கள் என்று தெரியாமல் புகாரில் எதை எழுதுவது? பத்து நொடி கேளுங்கள். "எந்த கம்பெனி, எதுக்காக" என்று மட்டும் கேட்டு வையுங்கள். "பர்சனல் லோன்" என்று மொட்டையாக எழுதுவதைவிட கம்பெனி பெயரும் சேர்ந்த புகார் எடுபடுகிறது.

டிராயின் டிஎன்டி ஆப் ஆண்ட்ராய்டில் நன்றாகவே இருக்கிறது. கால் பட்டியலிலிருந்து எண்ணைத் தொட்டால் எண்ணும் தேதியும் தானாக நிரம்பும். ஐபோனில் ஆப்களுக்குக் கால் பட்டியலைப் பார்க்க அனுமதி கிடையாது, எண்ணைக் கையால் எடுத்துப்போட வேண்டும்.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது புகாரை முடித்து வைக்கும் விதம். "வாடிக்கையாளர் அனுமதி அளித்துள்ளார்" என்று ஒரு வரி வரும், கதை முடிந்தது. அனுமதி எங்கே கொடுத்தோம்? லோன் தகுதி பார்க்கும் தளங்களில் 'அடுத்து' பட்டனுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு பெட்டி இருக்கும்: டிஎன்டியில் பதிவு செய்திருந்தாலும் என்னைத் தொடர்புகொள்ள சம்மதம். பல தளங்களில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். மால் வாசலில் நிரப்பும் பரிசுக் கூப்பனிலும் இதே வரியைப் பார்க்கலாம். ஒரு கையெழுத்தில் மொத்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது, இது அநியாயம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். பெற்ற பிறகு அந்த நிறுவனம் 90 நாளுக்கு மறுபடி அனுமதி கேட்கக்கூடாது.

வாட்ஸ்அப் அழைப்பு இந்த ஏற்பாட்டுக்குள் வராது. அதற்கு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, கால்ஸ் போய்த் தெரியாத அழைப்பாளர்களை மௌனமாக்கும் வசதியை இயக்குங்கள். "உங்கள் எண் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்தவும்" என்ற பதிவுக் குரல் விற்பனையே அல்ல, மோசடி. டிராய் அப்படி யாருக்கும் போன் செய்வதில்லை. அதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைத் தெரிவிக்கும் சக்ஷு பகுதியில் தெரிவிக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். ஆனாலும் வீட்டில் இருக்கிற எல்லா சிம்முக்கும் இன்றைக்கே பதிவு செய்யுங்கள், முதலில் அம்மா அப்பா போனுக்கு. லேண்ட்லைன் இருந்தால் அதிலிருந்தே 1909க்குப் பேசிப் பதியலாம்.