தமிழ்நாடு தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டக் கிட்: வாங்கலாம், தொழுவுரம் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்

900 ரூபாய் மதிப்புள்ள இந்த கிட் 2021இல் மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. பிறகு 450 ஆனது. உள்ளே இருப்பவை: ஆறு பைகள், தலா இரண்டு கிலோ எடையுள்ள தென்னைநார்க் கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள் (செடிக்குச் சத்து எடுத்துத்தரும் நுண்ணுயிர்கள்) சேர்த்து 400 கிராம், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி 100 மில்லி, ஒரு கையேடு. பையும் கட்டியும் மட்டும் கடையில் வாங்கினாலே 450 பக்கம் வந்துவிடும். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். இதில் செடிக்குச் சாப்பாடு இல்லை. நார்க்கழிவு ஈரம் பிடிக்கும், வேருக்குக் காற்று விடும், அவ்வளவுதான். உயிர் உரப் பாக்கெட்டுகள் இருக்கிறதே என்று வெறும் நார்க்கழிவில் நட்டால், சில வாரங்களில் அடியிலை வெளுக்கத் தொடங்கும். நார்க்கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களே இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்கின்றன. செம்மண், மட்கிய தொழுவுரம், நார்க்கழிவு மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இது இல்லாமல் விதையைத் தொடவே வேண்டாம். உயிர் உரங்களைக் காலாவதித் தேதி பார்த்துத் தொழுவுரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பையில் போடுங்கள். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் சேர்ந்து செத்துவிடும்.

நார்க்கட்டியை அலசாமல் போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. ஒரு கட்டிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அரை மணியில் உதிர்ந்துவிடும். பழுப்புநீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும். தக்காளிக்கு அலசல் மட்டும் போதாது: நார்க்கழிவு தன்மேல் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விட்டுவிட்டுச் சுண்ணாம்புச் சத்தை (கால்சியத்தை) பிடித்துவைக்கும், அது செடிக்குக் கிடைக்காமல் காயின் அடி கறுத்து அழுகும். கட்டிக்கு 40 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு அலசினால் இது பெரிதும் குறையும். இயற்கை முறை மட்டும் என்பவர்களுக்கு இது ஒப்பாது. அவர்கள் அந்தப் பையில் வெண்டை போடலாம்.

தக்காளி, கத்தரியை நாற்றுவிட்டு 25 முதல் 30 நாளில் பைக்கு ஒன்றாக நடவும். மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் கூடத் தேவை. வெண்டை நேரடி விதைப்பு. ஆடியிலேயே தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் செடி திடமாகிவிடும். அடைமழையில் நார்க்கழிவு தண்ணீரை விடாது. பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து, ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் சிக்கல் தலைகீழ்: மேலே காய்ந்து தெரியும், அடியில் ஈரம் இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர்.

பூச்சிவிரட்டியின் லேபிளைப் படியுங்கள். வெறும் வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் தண்ணீரோடு கலக்கும். அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியை விரட்டும் பொருள்) என்று போட்டிருந்தால் சோப்பு வேண்டாம், லேபிள் அளவே போதும். எதுவானாலும் மாலையில், இலையின் அடிப்பக்கம்.

கீரை மட்டும் வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்த கிட் வீண். அவர்களுக்கு அரை அடி ஆழமுள்ள அகலத் தட்டுதான் சரி.