தேன் பெட்டி வாங்கப் போறீங்களா? தேனடைச் சட்டத்தைத் தூக்கிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ராணித் தேனீ இல்லாத கூட்டத்தைப் பெட்டியில் அடைத்து, சர்க்கரைப் பாகு ஊற்றியே ஒப்பேற்றி விற்கிறார் ஒருவர். எங்கள் தலையில் கட்டியது அப்படி ஒரு பெட்டிதான்.

வீட்டைச் சுற்றித் தென்னையும் முருங்கையும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தேன் பெட்டி வைக்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை. தை மாசம் அந்த ஆள் லோடு ஆட்டோவில் பெட்டி கொண்டுவந்து இறக்கினார். பெட்டி, கூட்டம், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். "பராமரிப்பு நம்ம பொறுப்புங்கக்கா, தேன் எடுக்கறப்ப கிலோவுக்கு 150 குடுத்தாப் போதும்" என்றார். மூடியை லேசாகத் தூக்கினார். உள்ளே தேனீ மொய்த்துக் கிடந்தது. அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை எடுத்துக் காட்டச் சொன்னார் வீட்டுக்காரர். "இப்பத்தான் வண்டில ஆடி வந்திருக்குதுங்க, தொட்டாக் கூட்டம் ஓடிப்போயிரும்" என்று மழுப்பிவிட்டார்.

பிறகு வாரம் தவறாமல் வந்து கொட்டாங்குச்சியில் பாகு ஊற்றி, தேனீ மூழ்காமலிருக்க நாலு குச்சி போட்டு உள்ளே வைத்துவிட்டுப் போவார். மழைக்காலத்தில் பூ இல்லாதபோது பாகு வைப்பது வழக்கம்தான். முருங்கை பூத்துக் கொட்டும்போது எதற்கு? "கூட்டம் பலமாகட்டுங்க" என்பதே எப்போதும் பதில்.

மாசிக் கடைசியில் தேன் எடுத்தார். மேலே தேன் அறையில் ஓர் அடைகூட இல்லை. கீழே முட்டையும் புழுவும் வளரும் புழு அறைச் சட்டங்களை உருவி, தேன் எடுக்கும் மெஷினில் போட்டார். அடையிலிருந்த எந்தக் கண்ணறையும் மெழுகால் மூடியிருக்கவில்லை. பிள்ளைகள் கைப்பிடியைச் சுற்றி, சொட்டுச் சொட்டாக வடிந்ததைப் பார்த்துக் குதித்தார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"ஏந்தம்பி, தண்ணியாட்டம் இருக்குதே?" என்று அம்மா கேட்டதற்கு, டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, "பாருங்கம்மா, கரையாம அடிக்குப் போகுது, சுத்தத் தேன்" என்றார். இந்தச் சோதனையை யாரும் நம்பாதீர்கள். வெல்லப் பாகும் அப்படித்தான் அடிக்குப் போகும். கொஞ்ச நாளில் பாட்டிலில் நுரை தள்ளி, புளித்த வாடை வந்துவிட்டது. தேனீக்கள் இறக்கையால் விசிறி ஈரத்தை வற்றவைத்த பிறகுதான் மெழுகால் மூடும். விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்களுக்குக் கிடைத்தது தேனே இல்லை, அவர் ஊற்றிய பாகுதான். அதற்கும் கிலோவுக்கு 150 வாங்கிக்கொண்டு போனார்.

மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு சட்டத்தை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். ஒரே கண்ணறைக்குள் மூன்று நான்கு முட்டைகள், சுவரில் தாறுமாறாக ஒட்டிக்கொண்டிருந்தன. ராணி இருந்தால் கண்ணறைக்கு ஒரே முட்டை, அடியில் நடுவாக நிற்கும். ராணி போய் நாளாகிவிட்டால் பணித் தேனீக்களே முட்டையிட ஆரம்பிக்கும். அதிலிருந்து ஆண் தேனீ மட்டுமே பிறக்கும். மூடிய அறைகள் புடைத்து, உச்சியில் ஊசித்துளை போட்டதுபோல் இருந்ததையும் காட்டினார். நம் இந்தியத் தேனீயில் அது ஆண் தேனீ அறையின் அடையாளமாம். பணித் தேனீயின் ஆயுள் ஆறேழு வாரம்தான். புதிதாகப் பணித் தேனீ பிறக்க வழியில்லாததால் கூட்டம் தேய்ந்து, மிச்ச அடையை மெழுகுப் பூச்சி தின்றுவிட்டது.

போன் செய்தால் அந்த ஆள் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் நேரில் பிடித்துக் கேட்டபோது, "உங்க ராசி அப்படிங்க, நான் என்ன பண்றது" என்றார். காசு திரும்பவில்லை.

உங்களிடம் யார் பெட்டி கொண்டுவந்தாலும் பகல் வெளிச்சத்தில் புழு அறைச் சட்டத்தை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அரிசி முனை போன்ற வெள்ளை முட்டை கண்ணறைக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால், அது இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்புவரை ராணி இருந்தது நிச்சயம். அடைகள் வாழைநாரில் கட்டியபடியே இருந்தால் அது இப்போதுதான் பொந்திலிருந்து பிடித்த கூட்டம்; அடை சட்டத்தோடு ஒட்டிப் பிடித்த பிறகு வாங்குங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள். நாங்களும் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டி வாங்குவதாக இருக்கிறோம்.