ஓடை டர்பைனை ஓட வச்ச வடசேரி லேத் பட்டறை

கன்னியாகுமரி மாவட்டம் மாறாமலையில எங்க கிராம்புத் தோட்டத்து ஓடையில, பாட்டா கட்டின கருங்கல் தடுப்பணை ஒண்ணு இருக்கு. ஆள் உயரம்தான். அங்கிருந்து இரும்புக் குழாய்ல இறங்குற தண்ணி, கீழே ஷெட்டுல கரண்டு எடுக்குற டர்பைனைச் சுத்தும். போன ஆடிச் சாரல்ல அது கடகடன்னு சத்தம் போட்டு நின்னுபோச்சு. முதல்ல விசாரிச்ச ஒரு கம்பெனியில போட்டோவைப் பார்த்தே, "ஆக்கருக்குப் போடுங்க, புதுசு தாறோம்"னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல.

நாகர்கோவில் வடசேரியில ஒரு சின்ன லேத் பட்டறைக்கு ஜீப்புல ஏத்திட்டுப் போனேன். அண்ணாச்சி சக்கரத்தைக் கையால சுத்தி, காது வச்சுக் கேட்டார். ரெண்டு வட்டத் தகட்டுக்கு நடுவுல வளைஞ்ச பிளேடுகள் வரிசையா நிக்கிற கிராஸ்ஃப்ளோ சக்கரம் அது. தண்ணி ஒரு பக்கம் புகுந்து, மறுபக்க பிளேடையும் தள்ளிட்டு வெளியேறும். போற போக்குல சிக்கின சருகையும் அடிச்சுட்டுப் போயிரும். மணலுக்குத்தான் தாங்காது. "பேரிங் மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க"ன்னு ஷாஃப்டைக் காட்டினார். பேரிங் உக்காருற இடத்துல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். வெல்டு வச்சு நிரப்பி, கடைஞ்சு, பேரிங்கைச் சூடாக்கி ஏத்தினார். கரண்டு உண்டாக்குற ஆல்டர்னேட்டருக்கும் புதுசா காயில் கட்டினார்.

பத்து நாள்னது மூணு வாரமாச்சு. புல்லி நேரா நிக்காம முதல் வாரமே பெல்ட் பிஞ்சது. போன் போட்ட மறுநாளே மலையேறி வந்து, காசு வாங்காம சரிபண்ணினார்.

அன்னைக்கே அளந்தும் பார்த்தோம். டர்பைன்ல இருந்து வெளியேறுற தண்ணியைத் தகரம் மடிச்சு டிரம்முக்குத் திருப்பினோம். 200 லிட்டர் 8 நொடியில நிறைஞ்சது. நொடிக்கு 25 லிட்டர். தடுப்பணையில இருந்து டர்பைன் வரைக்கும் தண்ணி இறங்குற உயரம் 18 மீட்டர். ரெண்டையும் பெருக்கி, புவியீர்ப்புக்கான 9.81-ஆலும் பெருக்கினா 4,400 வாட். கைக்கு வந்தது 2,200. இவ்வளவு சின்ன செட்டுல பாதி கிடைச்சாலே நல்ல வேலை.

லைட்டை அணைச்சா சக்கரம் வேகமெடுத்து வோல்டேஜ் ஏறி, முன்னெல்லாம் பல்பு போயிரும். இப்ப லோடு கன்ட்ரோலர் மிச்ச கரண்டை வெந்நீர் அண்டாவுக்குத் திருப்பிடுது. அதுவும் அவர் சொன்ன யோசனைதான்.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, பங்குனி வந்தாதான் ஓடை மெலியும். ஐப்பசியில மரம் விழுந்து லைன் அறுந்த மூணு ராத்திரியும் தோட்டத் தொழிலாளர் லயத்துல எல்லா வீட்லயும் வெளிச்சம் இருந்துது.

அந்தப் பட்டறைக்குப் போறவங்க சக்கரத்தை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க. ஷாஃப்ட், ஹவுசிங், புல்லி எல்லாத்தையும் கொண்டுபோங்க. அவர் சேர்த்து வச்சுத்தான் பார்ப்பார்.