கூட்ட அறையா, தலைவரின் மனமா? 1962ஐப் படிக்க இரண்டு வழிகள்

போன மாதம் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். ஜே.என்.யு.வில் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறான். "அக்கா, வெளியுறவு முடிவுகளின் உளவியல்தான் என் தலைப்பு. குழுச் சிந்தனையை எடுப்பதா, தலைவரின் முன்நம்பிக்கையை எடுப்பதா?" என்று கேட்டான். 1962 இந்திய-சீனப் போருக்கு முன் டெல்லி எடுத்த முடிவுகளை ஆராய, நான் முதலில் குழுச் சிந்தனையை எடுத்து, ஓராண்டுக்குப் பின் கைவிட்டு, முன்நம்பிக்கைக்கு மாறியவள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு லாப நட்டம் பார்த்துத்தான் முடிவெடுக்கும் என்ற பழைய வழியும் உண்டு. போதிய படைபலம் இல்லை என்று தளபதிகளே எழுதிக் கொடுத்த பிறகும் எல்லையில் முன்னேறிய ஓர் அரசை அதைக் கொண்டு விளக்க முடியாது. அதோடு அதை விட்டுவிடலாம்.

குழுச் சிந்தனை, யேல் பல்கலைக்கழக உளவியலாளர் இர்விங் ஜேனிஸ் 1972இல் முன்வைத்தது. நெருக்கமான சிறு குழு, ஒற்றுமை குலையக் கூடாதே என்று மாற்றுக் கருத்தை விழுங்கிவிடும் என்பது அவர் வாதம். 1961 ஏப்ரலில் காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, ஆயுதப் பயிற்சி தந்த சுமார் 1,400 கியூப அகதிகளைக் கியூபாவின் பன்றி வளைகுடாவில் இறக்கிக் கென்னடி அரசு கண்ட தோல்வி அவருடைய முக்கிய உதாரணம். அந்தத் திட்டத்தை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதிய ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர், கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு அதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். இதைப் படித்தபோது 1962இல் டெல்லியில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

தோன்றியதை நிரூபிக்க ஆதாரம் வேண்டுமே. நான் முட்டி நின்றது அங்கேதான். யார் பேசினார், யார் பேசாமல் இருந்தார் என்று தெரியாமல் குழுவின் மனத்தைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது கென்னடி தம் ஆலோசனைக் கூட்டங்களை ரகசியமாக ஒலிப்பதிவு செய்திருந்தார். இன்று அதைக் கேட்கலாம். அதே காலத்தில் டெல்லியில், பாதுகாப்பு அமைச்சர் அறையில் நடந்த கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பே எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்டதாக, அந்தப் போரின் தோல்வியை ராணுவமே ஆராய்ந்து எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் 2014இல் இணையத்தில் வெளியான பகுதி கூறுகிறது. அரசோ அந்த அறிக்கையை இன்றுவரை வெளியிடவில்லை. மேலும், இங்கே எதிர்ப்பு விழுங்கப்படவும் இல்லை. மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங் 1962 ஆகஸ்டில் எழுத்திலேயே எச்சரித்தார். கிழக்கு எல்லையில் தக்லா முகட்டிலிருந்து சீனர்களை வெளியேற்றும் நடவடிக்கையை ஆட்சேபித்த தளபதி உம்ராவ் சிங்கிடமிருந்து அக்டோபர் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு பறிக்கப்பட்டு, இன்னொரு தளபதி பி.எம்.கௌலிடம் போனது. பேசியவரையே நகர்த்திவிட்ட இடத்தை, பேசத் தயங்கியவர்களின் கோட்பாட்டில் எப்படிப் பொருத்துவது?

முன்நம்பிக்கை வழி வேறு. அதை விரித்து 1976இல் எழுதியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஜெர்விஸ். மனம் ஏற்கெனவே நம்புவதற்கு ஏற்றபடிதான் புதுச் செய்தியையும் படித்துக்கொள்ளும் என்கிறார் அவர். இதற்குக் கூட்ட அறைக்குள் போக வேண்டியதில்லை. மாநில முதலமைச்சர்களுக்கு நேரு ஆண்டுக்கணக்காக எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. நாடாளுமன்ற உரைகள் இருக்கின்றன. எல்லாம் தேதியோடு அச்சில் வந்தவை.

தீன் மூர்த்தி நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நீளத்தாளின் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் எல்லையில் நடந்தது. வலப்பக்கம் அதை டெல்லி எப்படிப் புரிந்துகொண்டது. 1962 ஜூலைக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். லடாக்கின் கல்வானில் நாம் புதிதாக அமைத்த காவல் நிலையைச் சீனப் படை சூழ்கிறது, ஆனால் சுடவில்லை. அதை இறுதி எச்சரிக்கை என்றும் படிக்கலாம், வெறும் மிரட்டல் என்றும் படிக்கலாம். உறுதியாக நின்றால் சீனா பெரிதாக எதுவும் செய்யாது என்று முன்பே நம்பியிருந்த டெல்லி, அதைத் தன் நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. அக்டோபர் 20 அன்று அந்தக் காவல் நிலை வீழ்ந்தது. அந்த ஒரு வரிசைதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக வளர்ந்தது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. கடிதத்தில் எழுதியதெல்லாம் மனத்தில் இருந்ததுதானா? ஊருக்குத் தைரியம் சொல்ல எழுதியதாகவும் இருக்கலாம். அதனால் பொதுக்கூட்டப் பேச்சுகளை ஒதுக்கி, உள்வட்டத்துக்கு எழுதியவற்றுக்கே எடை கொடுத்தேன். எனக்குச் சீன மொழி தெரியாது. ஆகவே பெய்ஜிங்கின் மனம் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. கியூபா போலப் பதிவுகள் குவிந்துகிடக்கும் தலைப்பு என்றால், குழுச் சிந்தனையே கூடுதலாகப் பலன் தரலாம்.

தம்பிக்கு 1987 இலங்கை ஒப்பந்தமும் அமைதிப்படையும்தான் விருப்பம். அந்தக் காலத்து ஆவணங்களில் எனக்குப் பழக்கம் இல்லை. கோட்பாட்டை இப்போது முடிவு செய்யாதே, எந்தக் காகிதம் கைக்குக் கிடைக்கும் என்று முதலில் பார் என்றேன். சனிக்கிழமை துறைக் கடிதத்தோடு தீன் மூர்த்திக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் ஆவணப் பட்டியலை மட்டும் புரட்டுவோம்.