டைனோ சீட்டுல 108 குதிரை, ட்ராக்ல அதே பழைய எஸ்டீம்: 42,000 ரூபாய் போச்சு

எஸ்டீம், ஜென், பழைய சிட்டி மாதிரி காரை வெச்சு குவார்ட்டர் மைல் (402 மீட்டர் நேர்கோட்டு ரேஸ்) ஓட்டறவங்க யாராவது ‘ஸ்டேஜ் 2 ஹெட்’டுக்கு, அதாவது பவர் கூட்ட இன்ஜினோட சிலிண்டர் ஹெட்டுல பண்ற வேலைக்குக் காசு கட்டப் போறீங்கன்னா, கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எதெதைச் சோதிக்கணும்னு கடைசியில சொல்றேன்.

கடை பேரு வேண்டாம். சென்னையில இருக்கற, ரீல்ஸ்ல நல்லா ஓடற ஒரு பர்ஃபார்மன்ஸ் கடை. வண்டி 16 வால்வ் எம்பிஎஃப்ஐ எஸ்டீம். 1,298 சிசி, கம்பெனிக் கணக்குல 85 பிஎச்பி (குதிரைத் திறன்). பேசின வேலை: போர்ட்டிங் (ஹெட்டுக்குள்ள காத்து போற வழியைச் செதுக்கறது), மூணு ஆங்கிள் வால்வ் சீட் (வால்வ் உட்கார்ற இடத்தை மூணு கோணத்துல வெட்டறது), ஹெட்டுல 0.5 எம்எம் ஸ்கிம் (அடிப்பக்கத்தைச் சீவறது), கேம் ரீகிரைண்ட் (வால்வைத் திறக்கற கேமை வேற வடிவத்துக்குத் தேய்க்கறது), முடிச்சதும் டைனோ சீட்டு (மெஷின்ல பவரை அளந்த ரிப்போர்ட்). 42,000 ரூபாய். முழுசும் முன்பணம், ஜிபேல.

நம்பிக்கை வந்தது எப்படின்னா, கடைக்காரர் பெஞ்சுல கிடந்த ஒரு ஹெட்டை எடுத்து, போர்ட்டுக்குள்ள விரலை விட்டு, வால்வுக்குக் கீழ இருக்கற குழிவைத் தொட்டுக் காட்டினார். “பவர் இங்கதாண்ணா இருக்கு. வாயை மட்டும் பளபளன்னு தேய்ச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல”ன்னார். நூத்துக்கு நூறு சரியான பேச்சு. வேலை தெரியாதவன் வாயில அது வராது. ஆனா எதை ‘பிரயோஜனமில்ல’ன்னாரோ, போர்ட்டுல அதை மட்டும்தான் கடைசியில செஞ்சு கொடுத்திருக்கார்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஓட்டினதுல சங்கதி வெளிச்சமாச்சு. டைம் சீட்டுல ரெண்டு எண் முக்கியம். முதல் 60 அடியைத் தாண்டற நேரம் லான்ச்சை, அதாவது வண்டி கிளம்பின விதத்தைச் சொல்லும்: டயர், கிளட்ச், ஓட்டறவர் கால். கடைசிக் கோட்டைத் தாண்டற வேகம் இன்ஜின் பவரைச் சொல்லும். லான்ச் கொஞ்சம் சொதப்பினாலும் அது பெருசா மாறாது. ஆளோட சேர்த்து 970 கிலோ வண்டி, 85 குதிரைன்னா கோட்டுல மணிக்கு 128 கிலோமீட்டர் சுமாரா வரும். உண்மையிலேயே 108 குதிரை இருந்தா 138-ஐத் தாண்டணும். வேலைக்கு முன்னாடி 127, வேலைக்கு அப்புறமும் 127. 60 அடி நேரமும் அதே 2.5 செகண்ட்.

அப்புறம்தான் டைனோ சீட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. டார்க்கை (நியூட்டன் மீட்டர்) ஆர்பிஎம்மால பெருக்கி 7,120-ஆல வகுத்தா பிஎச்பி வரணும். சீட்டுல 6,500 ஆர்பிஎம்ல 98 நியூட்டன் மீட்டர், பக்கத்துலயே 108 பிஎச்பி. கணக்குப்படி வர்றது 89. டார்க் கோடும் பவர் கோடும் ஒரே ஓட்டத்துல வந்ததே இல்ல. யாரோட வண்டி சீட்டோ, யார் திருத்தினாங்களோ!

ஹெட்டைக் கழட்டினா வயிறு எரியுது. போர்ட் வாயில ஒரு அங்குலம் கண்ணாடி மாதிரி பாலிஷ். அதுக்கு உள்ள வார்ப்புக் கோடு அப்படியே இருக்கு. வால்வ் சீட்டுல ஒரே ஒரு 45 டிகிரி வெட்டு, அதுமேல கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு விட்டிருக்காங்க. கேம் லோபை (வால்வைத் தள்ளற முட்டை வடிவ மேடு) மைக்ரோமீட்டர்ல பிடிச்சா, கை படாத ஸ்டாக் கேமோட அளவு அட்சரம் மாறாம வருது. ரீகிரைண்ட் பண்ணியிருந்தா பேஸ் சர்க்கிள் (லோபோட வட்டமான அடிப்பகுதி) கட்டாயம் குறைஞ்சிருக்கும். ஸ்கிம் மட்டும் தாராளம்: பேசினது 0.5, போனது 1.1 எம்எம். 74 எம்எம் போருக்கு 0.5 எடுத்தாலே 9.5 கம்ப்ரெஷன் ரேஷியோ 10 ஆகும், 1.1 எடுத்தா பத்தரையைத் தாண்டிடும். சாதா பெட்ரோல்ல, இக்னிஷனைத் தொடாம விட்டா நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கறது) வராம என்ன செய்யும்? ஹெட் இறங்கினதால கேம் டைமிங்கும் பின்னாடி போயிடும். அட்ஜஸ்டபிள் கேம் புல்லி போட்டுச் சரி பண்ணணும், அதுவும் இல்ல. கீழ் ஆர்பிஎம்ல வண்டி செத்துக் கிடந்தது அதனாலதான்.

போன் பண்ணா முதல் பதில்: “லான்ச் சரியில்லண்ணா.” 60 அடி நேரத்தை அனுப்பினா, “பெட்ரோல் சரியில்ல, 95 ஆக்டேன் போடுங்க.” அப்புறம், “1,000 கிலோமீட்டர் ரன்னிங்-இன் ஓடட்டும்.” பிஸ்டன் ரிங்கே மாத்தாத இன்ஜினுக்கு என்ன ரன்னிங்-இன்? அப்புறம் மெஷின் பையன் ஊருக்குப் போயிட்டான். லோப் அளவைப் படம் எடுத்து அனுப்பினதும் நீல டிக், பதில் இல்ல. கடைசியா நேர்ல கேட்டப்ப, “பில் இருக்கா?” பில்லுன்னு அவர் கொடுத்தது விசிட்டிங் கார்டு பின்னாடி பேனாவுல எழுதின 42,000, அவ்வளவுதான்.

சொன்ன சோதனைகள், இப்ப இருக்கற கடுப்புல இவ்வளவுதான் வருது. கொடுக்கறதுக்கு முன்னாடி ஹெட் தடிமனையும் கேம் லோபையும் அளந்து படம் எடுங்க. திரும்பி வந்ததும் வால்வை மூடி வெச்சு போர்ட்டுல பெட்ரோல் ஊத்துங்க. சேம்பர் (பெட்ரோல் எரியற அறை) பக்கம் கசிஞ்சா வாங்காதீங்க. டைனோ ஓட்டும்போது நீங்க பக்கத்துல நிக்கணும், வேலைக்கு முன்னாடி ஒரு ஓட்டம், அப்புறம் ஒண்ணு, ரெண்டும் ஒரே மெஷின்ல. ஜிஎஸ்டி பில் இல்லாம பாதிக்கு மேல கட்டாதீங்க. ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. நீங்க கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் கிடையாது. ஜிபே ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் அழிச்சிடாதீங்க.

அந்த 42,000 ரூபாய் ஹெட்டுல இனி ஸ்கிம் பண்ண இம்மியளவு கூட மிச்சமில்ல, அலுமினியம் தீர்ந்துடுச்சு. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல யார்கிட்டயாவது ஸ்கிம் படாத 16 வால்வ் எஸ்டீம் ஹெட் இருந்தா சொல்லுங்க. அளந்து பார்த்துட்டுத்தான் காசு.