215/75 ஆர் 15 என்று மட்டும் கேட்டு லோடு வண்டிக்கு டயர் வாங்காதீர்கள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தக்காளி ஏற்றும் ஒரு பிக்கப்பின் பின்டயர், வாடிப்பட்டி பக்கம் நாலுவழிச் சாலையில் வெடித்தது. மாட்டி இரண்டே மாதம். விற்ற கடைக்காரர் கையை விரித்துவிட்டார்: "ஓவர் லோடு ஏத்திட்டீகண்ணே." எடைமேடைச் சீட்டில் பின் அச்சு 1,840 கிலோ. வண்டிக்கு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது.

கிழிந்த டயரின் பக்கவாட்டைப் படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அளவு 215/75 ஆர் 15, சரி. ஆனால் லோடு வண்டி டயருக்கான 'எல்டி' (LT, லைட் டிரக்) என்ற எழுத்து இல்லை, 8 பிளை இல்லை, லோடு எண் 100. அது கார், ஜீப்புக்கான டயர். "சைஸ் ஒண்ணுதேண்ணே, கண்ண மூடிட்டு ஓட்டுங்க" என்று விலை குறைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்.

லோடு எண் 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 1,600. அதே அளவில் எல்டி 8 பிளை டயரின் எண் 106, அதாவது 950 கிலோ, இரண்டுக்கு 1,900. ஆக, சட்டப்படி ஏற்றிய லோடே அந்த டயர்களுக்கு ஒவ்வொரு நடையிலும் 240 கிலோ அதிகம். (8 பிளை என்பது பலத்தின் தரம். உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.)

காற்று விஷயம் இதைவிட மோசம். கடையில் 35 பிஎஸ்ஐ வைத்து அனுப்பினார்கள். லோடு ஏறியதும் டயர் சப்பென்று அமுங்க, டிரைவர் வழியில் ஒரு பங்க்சர் கடையில் பழையபடி 60 அடித்துக்கொண்டார். அந்த டயரில் அச்சிட்டிருந்த உச்சவரம்பு 44. இந்த வகைக் கார் டயர் முழு எடையைத் தாங்குவது 35-லேயே. அதற்குமேல் அடித்தாலும் ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்காது. எல்டி 8 பிளையோ 65 இருந்தால்தான் அந்த 950 கிலோவைத் தாங்கும். அதில் 40 வைத்து ஓட்டினால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும், ரப்பர் நூலைவிட்டுப் பிரியும், ரோட்டில் படும் பட்டன் உரிந்து வரும்.

அளவைத் தேர்ந்தெடுக்க, முதலில் டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். முன், பின் இரண்டுக்கும் தனித்தனிக் காற்றளவு இருக்கும். நாலு சக்கரத்துக்கும் ஒரே காற்று அடிப்பது பங்க்சர் கடைச் சோம்பேறித்தனம். வழக்கமான லோடோடு எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி, வந்த எடையை இரண்டால் வகுத்து, லோடு எண் குறிக்கும் கிலோவோடு ஒப்பிடுங்கள். சரக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் என்பதற்காகக் கொஞ்சம் மிச்சம் விடுங்கள்.

காற்றை விடிகாலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். 100 வரை காட்டும் சொந்த கேஜ் வேண்டும். கார் கேஜ் பல 60-லேயே நின்றுவிடும். காலையில் 65 இருந்தது மே மாத வெயிலில் மதுரை வந்து சேரும்போது 72, 74 காட்டலாம். அதைக் கண்டு காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜனுக்குக் காசு கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

வால்வையும் கவனியுங்கள். காருக்குப் போடும் ரப்பர் வால்வுக்கு 65 தான் எல்லை. நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள்.

பில்லில் எல்டி, பிளை, லோடு எண், டயரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. இந்த வண்டிக்காரரின் பில்லில் "டயர் 2" என்று மட்டும் இருந்தது, கடைக்காரருக்கு அது போதுமாக இருந்தது. சொந்தப் பிழைப்புக்கு ஓட்டும் வண்டி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2 ஆண்டுக்குள். வெடித்த டயரையும் பத்திரமாக வைத்திருங்கள். "மாத்தித் தாரோம்" என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஜோடியின் மற்ற டயரையும் கழற்றிவிடுங்கள். அதை ஸ்டெப்னியாகக்கூட வைக்கக் கூடாது.