செக் இன்ஜின் லைட்: ஸ்கேனரா, ஷெட்டா, சர்வீஸ் சென்டரா?

பத்து வயது தாண்டிய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் லைட் எரியும், இரண்டு நாளில் தானாக அணையும், பெங்களூர் ஓசூர் ரோடு நெரிசலில் மறுபடி எரியும். அல்சூர் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, “பேட்டரி கேபிளைக் கழட்டி மாட்டுங்க சார்.” காசு செலவில்லைதான். ஆனால் கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் சூடு, ஆர்பிஎம், வேகம் என்னவென்று கம்ப்யூட்டர் குறித்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு அழிந்துவிடும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதுதான் முதல் துப்பு. அதனால் இந்த வைத்தியத்தைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

2013 ஏப்ரலிலிருந்து பிஎஸ்4 என்ற மாசு விதிப்படி வந்த கார்களில், கோளாறைத் தானே கண்டு பதியும் ஓபிடி-2 கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகி, பதிவான கோளாறை போன் ஆப்பில் படிக்க உதவும் ஈஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஐபோன்காரர்கள் தங்கள் போனோடு சேருமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பி0171 என்று கோடு (கோளாறின் குறியீட்டு எண்) வந்தால் ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று மட்டும்தான் அர்த்தம். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவே இல்லை. பலர் மாற்றிவிடுகிறார்கள், லைட் மறுபடி எரிகிறது. வெடித்த வேக்யூம் ஹோஸ், சோர்ந்த பெட்ரோல் பம்ப், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், மூன்றும் இதே கோடைத்தான் தரும். ஆப்பில் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரண நிலைக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, மேடேறும்போது அந்த எண் கூடினால் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படலாம். இவ்வளவு விவரம் ஆயிரம் ரூபாய்க்கு! பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஷெட்டின் பலம் கை. பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) என்று வந்தால் நல்ல மெக்கானிக் அந்த சிலிண்டரின் ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பார்ப்பார். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. புதிய காயிலை ஜேசி ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். பலவீனமும் தெரிந்ததே: “சென்சார் போயிடுச்சு சார்” என்று ஊகத்தில் பார்ட் மாற்றுவது. ஸ்கிரீன்ஷாட்டோடு போனால் அந்தப் பேச்சு பாதி குறையும்.

சர்வீஸ் சென்டரில் கம்பெனி ஸ்கேனர் இருக்கிறது. ஏர்பேக், ஏபிஎஸ், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், சாஃப்ட்வேர் அப்டேட் என்றால் அங்கே போவதே சரி. வெறும் இன்ஜின் கோடுக்குப் பழைய காரோடு போனால் ரிப்பேரைவிட முழு செட் மாற்றும் எஸ்டிமேட்தான் பெரும்பாலும் கைக்கு வரும்.

என் ஓட்டு: கோடு எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் சேமித்துக்கொண்டு ஷெட்டுக்கு. லைட் சும்மா எரியாமல் மினுக்கினால் மட்டும் இந்த அலசலெல்லாம் அப்புறம். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டி, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.